பாம்பின் கறுப்பு: சோதனை சொன்னதும் சொல்லாததும்

ஒரு பொருள் ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்று வகுப்பில் கேட்டால், "தன்மேல் விழும் ஒளியை அது உட்கவர்ந்துகொள்கிறது" என்று மாணவர்கள் உடனே விடை கூறுவார்கள். விடை சரியே. ஆனால் உட்கவர்வது நிறமி மட்டுந்தானா? ஒரு பாம்பின் செதில்களைக் கொண்டு இதற்கு விடை தேடிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை இங்கு ஆராய்வோம்.

மேற்கு ஆப்பிரிக்கக் காபூன் விரியனின் உடலில் வெல்வெட் துணி போன்ற கரும்புள்ளிகள் உண்டு. ஜெர்மனியில் மார்லீன் ஸ்பின்னர், ஸ்டானிஸ்லாவ் கோர்ப் முதலியோர் இவற்றை ஆராய்ந்து, 2013-இல் 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதினர். கருஞ்செதில்களின் மேற்பரப்பில் இலை வடிவ நுண்ணமைப்புகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் மீது இன்னும் நுண்ணிய வரிமேடுகள் உள்ளன. இடையே நுழையும் ஒளி பலமுறை மோதி, ஒவ்வொரு முறையும் சிறிது குறைந்து, பெரும்பகுதி வெளிவராமலே போகிறது. மற்றச் செதில்கள் எதிரொளிக்கும் ஒளியில் நான்கில் ஒரு பங்கையே இவை எதிரொளிக்கின்றன.

கட்டுரையின் சிறப்பு ஓர் எளிய சோதனையில் இருக்கிறது. செதில்கள் மீது தங்கமும் பல்லேடியமும் கலந்த மெல்லிய பூச்சு இட்டனர். வெளிர்நிறச் செதில்கள் உலோகம்போல் மின்னின. கருஞ்செதில்களோ கறுப்பாகவே இருந்தன! ஆகவே கறுப்பில் மேற்பரப்பின் அமைப்புக்கும் பங்குண்டு என்பது உறுதி. வெளிர்நிறச் செதிலையும் உடன்வைத்து ஒப்பிட்டதால்தான் இம்முடிவு நிற்கிறது.

எனினும் இரண்டு இடங்களில் வாசகர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முதலாவது, மிக மெல்லிய உலோகப் படலம் ஒளியை முற்றும் தடுப்பதில்லை. எனவே நிறமியின் பங்கு எவ்வளவு, அமைப்பின் பங்கு எவ்வளவு என்று இச்சோதனை பிரித்துக் காட்டாது. ஆய்வாளர்களே இரண்டும் சேர்ந்துதான் என்கின்றனர். "இது நிறமியால் வந்த கறுப்பன்று" என்று எழுதினால் அது பிழை.

இரண்டாவது, நோக்கம் பற்றியது. இப்பாம்பு உருமறைப்பில் வல்லது என்றே கட்டுரை தொடங்குகிறது. ஆனால் அளந்தது ஒளியை. இரையின் கண்ணையோ எதிரியின் கண்ணையோ அன்று. இதே செதில்கள் நீரையும் அழுக்கையும் ஒட்டவிடுவதில்லை என்று அதே குழுவினர் 2014-இல் காட்டினர். அப்படியாயின் இந்த அமைப்பு முதலில் எதற்காகத் தோன்றியது?

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் கேடயவால் பாம்புகளை எண்ணிப் பாருங்கள். அவற்றின் செதில்களிலும் நுண்ணிய வரிமேடுகள் உண்டு. வெயிலில் வானவில் நிறம் காட்டும். ஆனால் அவை மண்ணுக்குள் துளைத்து வாழ்பவை. இருட்டில் வானவில்லை யார் பார்ப்பது? கார்ல் கான்ஸ், பைக் ஆகிய இருவரும் 1977-இல் 'சயன்ஸ்' இதழில், அந்த மேற்பரப்பை மண் ஒட்டாமையோடு தொடர்புபடுத்தினர். கண்ணுக்குத் தெரியும் அழகு, வேறொரு வேலையின் உடன்விளைவாகவும் இருக்கலாம் அன்றோ?

"எவ்வாறு" என்ற கேள்விக்கு 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை நல்ல விடை தருகிறது. "எதற்காக" என்பதற்குத் தனிச் சோதனை வேண்டும். மாணவர்கள் அந்தப் பூச்சுச் சோதனையைப் பின்பற்றலாம். "இதற்காகவே இயற்கை படைத்தது" என்று எழுதுமுன் சற்றே நிற்கலாம்.