ஆயிஷாவுக்கு ஐந்து டிரெய்லர்

படித்த புத்தகத்துக்கு மாணவர்களே ஒரு நிமிட டிரெய்லர் எடுத்தால் வாசிப்பும் எழுத்தும் தானாக வளரும் என்கிறார்கள். வளரலாம். ஆனால் நாம் அங்கே சொல்லிக்கொடுப்பது வாசிப்பையா, வீடியோ எடிட்டிங்கையா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

திருவேற்காட்டில் சாயங்காலம் என்னிடம் தமிழ் படிக்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், இரா. நடராசனின் 'ஆயிஷா'வுக்கு ஐந்து குழுவாக எடுத்த டிரெய்லர்களை வைத்தே பேசுகிறேன். சின்னப் புத்தகம்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். கேள்வி கேட்டு அடி வாங்கும் ஒரு சிறுமி, அடி வலிக்காமல் இருக்க மருந்து தேடப்போய் உயிரை விடுகிறாள்.

ஐந்தில் நான்கு ஒரே மாதிரி. இருட்டு, பிரம்பு, கூகுளில் எடுத்த ஆய்வகப் படம், திடுக்கென்று ஒரு பிஜிஎம், கடைசியில் "ஆயிஷாவுக்கு என்ன ஆச்சு?" என்று கொட்டை எழுத்து. பேய்ப்படம் கெட்டது போங்கள்! பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ரஜினி, விஜய் பட டிரெய்லர்களை ஷாட் ஷாட்டாக ஒப்பிக்கிறவர்கள், கைக்குப் பழகியதைச் செய்திருக்கிறார்கள். என் வருத்தம் வேறு. இந்த நான்கையும் பின்னட்டையை மட்டும் படித்த ஒருவர்கூட எடுத்துவிடலாம்.

'ஆயிஷா'வில் என்ன நடக்கிறது என்பதைவிட, அதை யார் சொல்கிறார் என்பதுதான் முக்கியம். சொல்வது ஒரு ஆசிரியை. அவர் எழுதிய அறிவியல் புத்தகத்துக்கு முன்னுரையாகத்தான் இந்தக் கதையே வருகிறது. பிள்ளைகளை அடிக்கும் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்த்தவர், அந்தப் பெண் போன பிறகு உட்கார்ந்து எழுதுகிறார். அந்தக் குற்ற உணர்வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பரிதாபச் செய்தி. நான்கு டிரெய்லரிலும் அந்த ஆசிரியை இல்லவே இல்லை.

ஐந்தாவது பார்க்கவே சுமார். காற்றுச் சத்தம் வேறு. ஒரு மேசை, வெள்ளைத்தாள், பேனா, மேலே ஒரு பெண்குரல்: "நான் எழுத உட்கார்ந்தது சயின்ஸ் புக். முன்னுரையிலேயே ஒரு பொண்ணு வந்து நின்னுட்டா." புத்தகத்தில் இல்லாத வரி, அவர்களே எழுதியது. முதலில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்கள். முப்பது நொடிக்குள் அடங்கவில்லை என்று வெட்டி வெட்டி ஏழு வரிக்கு வந்தார்கள். எதை வெட்டலாம் என்று சண்டை போட்டார்களே, அங்கேதான் பாடம் நடந்தது. ஆனால் இந்த மாதிரிப் பயிற்சிகளுக்கு நான் பார்த்த மதிப்பெண் பட்டியல்களில் இசை, படம், எடிட்டிங் எல்லாவற்றுக்கும் தனித்தனியே மார்க் இருக்கும், ஸ்கிரிப்ட் ஓரமாக ஒரு வரியில் இருக்கும். அப்படிப் போட்டால் இந்தக் குழுதான் கடைசி.

மர்மம் வைத்தே தீரவேண்டும் என்பதும் கட்டாயமில்லை. ஜேம்ஸ் கென்னடி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2011இல் ஒரு போட்டி தொடங்கினார். நியூபெரி விருது பெற்ற சிறுவர் நூல் ஒன்றின் முழுக்கதையையும் பிள்ளைகள் 90 நொடியில் சொல்லவேண்டும். முடிவு தெரிந்துவிடுவதால், எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் வேலை. நம் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களுக்கு (நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருக்கிறார்களே, அவைதான்) இந்த வழி பொருந்தும். சில பக்கக் கதையில் எதை மறைப்பது?

மறைக்கத்தான் வேண்டுமென்றால் நம்மிடமே ஒரு பழைய பள்ளிக்கூடம் இருந்தது: சினிமா பாட்டுப் புத்தகம். அதில் கதைச்சுருக்கம் போட்டு, சரியான இடத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்பார்கள். எழுதியவர் பெயர்கூட இருக்காது, ஆனால் எங்கே நிறுத்தணும்னு அவருக்குத் தெரியும். இதற்குப் பேப்பரும் பேனாவும் போதும். வீட்டில் இருக்கும் ஒரே செல்போனை அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும்போது கொண்டுபோய்விடுகிற பிள்ளையும் எழுதலாம்.

அந்த நான்கு குழுவுக்கும் இப்போது அதைத்தான் கொடுத்திருக்கிறேன். வீடியோ வேண்டாம், பத்து வரி போதும், ஆனால் ஆயிஷாவை அடித்தவர்களில் ஒருவர் சொல்வதாக இருக்கவேண்டும். "அவங்க எதுக்கு சார் சொல்லணும்?" என்று ஒரு பையன் கேட்டான். அதையே முதல் வரியாக வைத்து எழுதச் சொன்னேன்.