கதவில்லாத சென்சார்
கதவு திறந்தால் தகவல் அனுப்பும் வயர்லெஸ் சென்சாரின் மூடியை நெம்பிப் பார்த்தால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான். சின்ன சர்க்யூட் போர்டு, ஒரு பட்டன் பேட்டரி, ஓரமாக மெலிந்த கண்ணாடிக் குழாய். ரசிக்க வேண்டியது அந்தக் குழாயைத்தான். 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் வடிவமைத்த ரீட் சுவிட்ச் அது. குழாய்க்குள் இரண்டு உலோக நாக்குகள் தொட்டும் தொடாமலும் நிற்கும். காந்தம் நெருங்கினால் ஒட்டும், விலகினால் பிரியும். போர்டில் உள்ள சிப்புக்குக் கதவும் தெரியாது, காந்தமும் தெரியாது. இரண்டு முனைகள் சேர்ந்தனவா, பிரிந்தனவா என்பதை மட்டும் கவனித்து ரேடியோவில் சொல்லும். ஆகவே ரீட் சுவிட்சின் இரு முனைகளிலும் இரண்டு ஒயர்களைச் சோல்டர் செய்து ஒரு பெல் புஷ்ஷோடு இணைத்துவிட்டால், விரல் அழுத்துவதுதான் அதற்குக் கதவு மூடுவது. காந்தத்தை ஒதுக்கிவிட்டால் போதும். ரீட் சுவிட்சைப் பிடுங்க வேண்டியதில்லை. பிடுங்கப் போனால் அதன் கம்பிக் காலை வளைக்கும்போது கண்ணாடி விரிசல் விடக்கூடும். இருப்பதைக் கெடுக்காமல் பக்கத்தில் ஒரு வழி திறப்பதில்தான் இந்த வேலையின் நளினம் இருக்கிறது.

ரெடிமேட் வயர்லெஸ் பட்டன் கடையில் கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்பது நியாயம்தான். வெறும் சிக்கனத்துக்காக என்றால் நானும் வேண்டாம் என்பேன். ஆனால் அந்தப் பட்டன்களில் பல, ஒரு தட்டா, இரு தட்டா, நீண்ட அழுத்தமா என்று தாமே தீர்ப்பு எழுதி அனுப்புகின்றன. ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் பேசும் கதவு சென்சார் தீர்ப்பு எழுதாது. அழுத்தியதையும் விட்டதையும் தனித்தனியே சொல்லும். விரல் இருக்கும்வரை விளக்கின் வெளிச்சம் ஏறட்டும், எடுத்ததும் நிற்கட்டும் என்று ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருளில் விதி எழுதலாம். சிக்னல் போய்ச்சேரக் கொஞ்சம் தாமதமாகும் என்பதால் மில்லிசெகண்ட் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது. மலிவான 433 மெகாஹெர்ட்ஸ் சென்சார்களில் சில, திறப்பதை மட்டுமே அறிவிக்கும். அவற்றில் விரலை எடுத்த பிறகுதான் விளக்கு எரியும், எரிச்சலாக இருக்கும். உருவத்தில் கிடைக்கும் சுதந்திரம் இன்னொரு லாபம். தேய்ந்த பித்தளை பெல் புஷ்ஷோ, கையில் எதையாவது ஏந்தி வருபவருக்கான கால் பெடலோ, முகம் எதுவானாலும் சென்சாருக்குச் சம்மதம். ஒன்றுதான் நிபந்தனை: சுவர் பெல் புஷ்ஷில் 230 வோல்ட் இருக்கக்கூடும். அந்த ஒயரை முழுதாகக் கழற்றாமல் இந்தப் போர்டைத் தொடவே கூடாது.

பாதுகாப்பு குறித்த ஆட்சேபத்துக்கு என்னிடம் மறுப்பில்லை. 433 மெகாஹெர்ட்ஸ் ரகத்தில் பல, ஒரே குறியீட்டையே ஒவ்வொரு முறையும் அனுப்புகின்றன. காற்றில் பதிவுசெய்து யாரும் திரும்ப ஒலிபரப்பலாம். விளக்கு, விசிறியோடு நிற்கட்டும். வாசற்பூட்டைத் திறக்கும் வேலையை அதனிடம் கொடுக்க வேண்டாம்.