முட்டையிலிருந்து ஆக்சோலாட்டல்

1864-இல் மெக்சிகோவிலிருந்து ஆக்சோலாட்டல் எனும் நீர்வாழ் சாலமாண்டர்கள் 34 பாரிஸ் வந்து சேர்ந்தன. அவற்றில் ஆறு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒகுஸ்த் துமேரிலிடம் போயின. அடுத்த ஆண்டே அவை முட்டையிட்டுப் பெருகின. இன்று ஆய்வகங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் நீந்தும் ஆக்சோலாட்டல்கள் பலவற்றுக்கு மூதாதை அந்தக் கூட்டம்தான்.

வளர்ந்த ஆக்சோலாட்டலின் சிரித்த முகத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏராளம். ஆனால் இவற்றை வளர்க்கும் கலையில் ஊறியவர்கள் மயங்குவது முட்டையைப் பார்த்துத்தான்.

ஆண், விந்துப் பொட்டலங்களைத் தொட்டியின் தரையில் வைத்துவிட்டு நகரும். பெண் அவற்றின்மேல் ஊர்ந்து வந்து அவற்றை உள்ளே எடுத்துக்கொள்ளும். பிறகு பாசியிலும் செடியிலும் ஒவ்வொன்றாக முட்டைகளை ஒட்டத் தொடங்கும். ஓர் ஈட்டில் சில நூறு முட்டைகள் சாதாரணம். கரு இரண்டு மில்லிமீட்டர் பருமன்தான். சுற்றியுள்ள ஜெல்லியோ கண்ணாடி போல் தெளிவு.

கையில் ஒரு பூதக்கண்ணாடி போதும். கரு இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளக்கும். சில நாட்களில் முதுகில் ஒரு தட்டை எழும்பி, அதன் இரு விளிம்புகளும் சுருண்டு நடுவே சேர்ந்து மூடிக்கொள்ளும். மூளையும் தண்டுவடமும் உருவாவது கண்ணெதிரே நடக்கிறது. ஹான்ஸ் ஸ்பீமானுக்கு 1935-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கருவியல் ஆய்வுகளும் சாலமாண்டர் இனத்துக் கருக்களில்தான் நடந்தன.

நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. முட்டையின் கருமை தாய் கொடுப்பது. அதனால் கருங்கண் கொண்ட வெள்ளைத் தாயும் கரிய முட்டையே இடும்; அல்பினோ தாயின் முட்டை மட்டும் வெளுத்திருக்கும்.

இரண்டு, மூன்று வாரங்களில் குஞ்சு வெளிவரும். கரு உணவு தீரும்வரை ஓரிரு நாள் அசையாமல் கிடக்கும். அப்புறம்தான் வளர்ப்பவருக்குச் சோதனை: இந்த வயதில் அசைகிற இரையைத்தான் அது கவ்வும். எனவே முந்தைய நாளே உப்புநீரில் ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறாலின் முட்டைகளைப் போட்டு, காற்று செலுத்திப் பொரிக்க வைக்க வேண்டும். காற்றை நிறுத்திவிட்டுப் பாத்திரத்தின் அடிப்பக்கம் விளக்கைக் காட்டினால் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் ஒளியை நோக்கித் திரளும். அவற்றை உறிஞ்சி எடுத்து, நன்னீரில் அலசிப் போட வேண்டும். நன்னீரில் அவை சில மணி நேரமே தாங்கும்; தின்றது போக மிச்சத்தை அன்றன்றே அகற்றாவிட்டால் நீர் கெட்டுவிடும்.

தவளைக்குப் பின்னங்கால் முதலில் வரும், இதற்கு முன்னங்கால். கால் முளைக்கிற பருவத்தில் நெருக்கமாக விட்டால் ஒன்றின் காலை இன்னொன்று கடித்துவிடும். இழந்த கால் மீண்டும் வளரும் என்றாலும், அளவு பார்த்துப் பிரித்து வைப்பதே நல்ல வளர்ப்பு.

பிழைப்பவை அதிகமானால் அவற்றை எங்கே வைப்பது? இவற்றின் பூர்விகமான மெக்சிகோவின் சோச்சிமில்கோ கால்வாய்களில் 1998-இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்றிருந்த எண்ணிக்கை, 2014-இல் 35 ஆகச் சரிந்தது. ஆனாலும் தொட்டியில் பிறந்தவற்றை அங்கே கொண்டுபோய் விட முடியாது. இவற்றில் உள்ள அல்பினோ மரபணுவே புலிச் சாலமாண்டர் என்ற வேறோர் இனத்துடன் நடந்த கலப்பில் வந்தது; அங்குள்ளவற்றுக்கு நோயும் தொற்றிக்கொள்ளும். ஆகவே, பராமரிக்க முடிந்த அளவுக்கு முட்டைகளை வைத்துக்கொண்டு, மீதியைக் கரு வளரும் முன்பே உறையவைத்து அகற்றிவிடுங்கள்.