1994 மாடல் 407: கழற்றிப் பார்த்த அனுபவம்

ஓட்டிப் பார்த்து எழுதும் விமர்சனங்கள் நிறைய வருகின்றன. இது கழற்றிப் பார்த்து எழுதுவது. தோப்புக் கொட்டகையில் இரண்டு வருஷமாகக் கோழிகள் அடைந்துகிடந்த எங்கள் பழைய டாடா 407-ஐப் பட்டறைக்கு அனுப்பாமல் நானே ஓடவைப்பது என்று தை மாதம் இறங்கினேன். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

407 சந்தைக்கு வந்தது 1986-ல். என்னுடையதில் 2956 சிசி, நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின். கணினி கிடையாது, சென்சார் கிடையாது. 13, 17, 19 என்று மூன்று ரிங் ஸ்பேனர் இருந்தால் பாதி வண்டியைப் பிரித்துவிடலாம். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் உதிரிபாகத்துக்கும் அலையவேண்டியதில்லை. வீட்டில் வைத்து வேலை பழக இதைவிடத் தோதான வண்டி எனக்குத் தெரியாது.

ஆனால் இரும்புக்கு வயதாகியிருந்தது. இரண்டாவது ஞாயிறே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட் ஒன்று, ஸ்பேனரை ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்ததில், ஹெட்டோடு ஒட்டி முறிந்தது. அன்றைக்குச் செய்த ஒரே நல்ல காரியம், சாமானையெல்லாம் துடைத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனதுதான். கோபத்தில் டிரில்லை எடுத்திருந்தால் ஹெட்டின் மரையும் போயிருக்கும். அடுத்த வாரம் வெல்டரைக் கூட்டிவந்து, முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தோம். அந்தச் சூட்டில் துரு விட்டுக்கொடுத்தது. நட்டைத் திருப்பியதும் ஸ்டட் கூடவே சுழன்று வந்தது.

நிஜமான சோதனை அதற்குப் பிறகு. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஒரு நிமிஷம் ஓடும், இருமி நின்றுவிடும். டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது. ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பைக் கையால் அடித்து, குமிழி நின்று சுத்த டீசல் வரும்வரை ஏர் எடுத்தேன். ஓடியது. மறுபடி நின்றது. மூன்று ஞாயிறு இதே கதை. நாசிலைச் சந்தேகப்பட்டேன், பம்பைச் சந்தேகப்பட்டேன், அதைக் கழற்றிச் சர்வீஸுக்கு அனுப்பப் பணம்கூட எடுத்துவைத்துவிட்டேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வரப்பில் நின்றபடியே கேட்டார்: “கண்ணு, கடைசியா எதைத் தொட்ட?”

“டேங்க்ல இருந்து வர்ற பைப்பைத்தாங்க பெரியப்பா. கழட்டிக் கழுவி மாட்டுனேன்.”

“அப்ப அதை விட்டுப்போட்டு ஓட்டிப் பாரு.”

ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி இன்ஜினுக்கு மேலே கட்டி, ஒரு டியூபை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்தோம். அரைமணி நேரம் தடங்கலில்லாமல் ஓடியது. பழுது டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்தான். பைப் சேரும் இடத்தில் நசுங்கிப்போன பழைய செப்பு வாஷரையே நான் திரும்பப் போட்டிருந்தேன். அங்கே பம்ப் டீசலை உறிஞ்சுகிறது. ஆகவே சந்து இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கசிவைத் தேடிக் கையால் தடவிப் பார்த்தபோதெல்லாம் காய்ந்தே இருந்த இடம் அது! பம்ப்காரருக்கு எடுத்துவைத்த பணம் டயருக்குப் போனது.

குறை சொல்வதானால், பவர் ஸ்டியரிங் இல்லாத மாடல். லோடோடு திருப்பினால் தோள்பட்டை பேசும். கியர்பாக்ஸைத் தனியாளாக இறக்க நினைக்கவேண்டாம். பிரேக்கை மட்டும் நான் தொடவில்லை, பட்டறையில் கொடுத்துத்தான் செய்தேன். ஓடாவிட்டால் வண்டி கொட்டகையில் நிற்கும். நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பழக எனக்குத் துணிச்சல் இல்லை.

போன வாரம் எஃப்சி முடிந்தது. கோழிகளுக்குத்தான் இன்னும் இடம் அமையவில்லை. சாயங்காலமானால் கேபினைச் சுற்றிச் சுற்றி வருகின்றன.