இழுத்த கையும் விட்ட இடமும்

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு திரைகள். ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தபடி, மற்றது கவுன்டருக்கு வெளியே நிற்பவர்களைப் பார்த்தபடி. விண்ணப்பத்தை அடித்து முடித்ததும் அந்த டேப்பை மட்டும் மவுஸால் பிடித்து, ஒரே இழுப்பில் நம் பக்கத் திரையில் திறந்திருக்கும் விண்டோவில் போடுகிறார். "பேரு, இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் ஒரு தடவ பாத்துக்குங்க சார்." நாம் தலையாட்டியதும் டேப் அதே வேகத்தில் அவர் பக்கம் போய்விடுகிறது. அடித்ததில் ஓர் எழுத்துகூட அழிவதில்லை.

அழியாமல் இருப்பதுதான் இதில் பெரிய சங்கதி. 2006-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 வந்தபோதுதான் பலரும் டேப் என்ற ஒன்றையே முதன்முதலாகப் பார்த்தார்கள். எந்த விண்டோவில் திறந்தோமோ அங்கேயே அது கிடக்கும். வேறு விண்டோவில் வேண்டுமென்றால் முகவரியை நகலெடுத்து அங்கே ஒட்ட வேண்டும். பக்கம் புதிதாகத் திறக்கும். பாதி நிரப்பிய படிவம் வெறுமையாக நிற்கும். 2007-இல் சஃபாரி 3, டேப்பைப் பிய்த்தெடுத்துத் தனி விண்டோ ஆக்க வழி செய்தது. மறு ஆண்டு வந்த குரோம், டேப் வரிசையை விண்டோவின் உச்சிக்கே ஏற்றியது. பக்கங்களைத் தனித்தனிப் புராசஸ்களில் ஓடவிட்டது. அங்கே டேப்தான் பொருள், விண்டோ அதைச் சுற்றிய வெறும் சட்டம். ஃபயர்பாக்ஸ் 2009-இல் 3.5 பதிப்பிலும், எக்ஸ்ப்ளோரர் 2011-இல் 9-ஆம் பதிப்பிலும் டேப்பைப் பிய்த்தெடுக்கும் வழிக்கு வந்தன. அடுப்பில் பால் பொங்கப் பொங்க வீடு மாற்றுவது மாதிரியான வேலை இது. ஓடும் வீடியோ ஓடிக்கொண்டே இடம் மாறுகிறது. இயந்திரத்தின் பக்கம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குறை கையின் பக்கம் இருக்கிறது. பிடித்து இழுப்பது என்ற ஒரே அசைவுக்குப் பிரவுசர் மூன்று அர்த்தம் வைத்திருக்கிறது. பக்கவாட்டில் இழுத்தால் வரிசை மாறும். சற்றுக் கீழே இறங்கினால் டேப் பிய்ந்து தனி விண்டோவாகும். இன்னொரு விண்டோவின் டேப் வரிசைமேல் விட்டால் அதில் சேரும். வரிசையை மாற்ற நினைத்தவர் கை கொஞ்சம் தாழ்ந்துவிட்டால் புது விண்டோ ஒன்று முளைத்து நிற்கிறது. லேப்டாப்பின் டச்பேடில் இது அடிக்கடி நடக்கும். போதாததற்கு விண்டோஸும் நடுவில் புகுந்து தன் வழக்கத்தைக் காட்டும்: பிய்த்ததைத் திரையின் மேல்விளிம்புக்குக் கொண்டுபோனால் முழுத்திரை, ஓரத்துக்குக் கொண்டுபோனால் பாதித்திரை. (தமிழாக்கம் செய்தவர்கள் டேப்புக்குத் தாவல் என்றும் கீற்று என்றும் பெயர் வைத்தார்கள். பேச்சில் இரண்டும் ஒட்டவில்லை. ஆனால் இந்த இடத்தில் 'தாவல்' எத்தனை பொருத்தம்!)

அதைவிடப் பெரிய சிக்கல், போய்ச் சேர வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது. ஜெராக்ஸ் கடையில் இரண்டு திரை; இரண்டு வரிசையும் எப்போதும் தெரியும். பதினான்கு அங்குல லேப்டாப்பில் ஒரு விண்டோ மற்றதை முழுக்க மூடிக்கொண்டிருக்கும். முதலில் இரண்டையும் சுருக்கி, அருகருகே வைத்து, அப்புறம் இழுத்து, மறுபடி பெரிதாக்க வேண்டும். முப்பது டேப் திறந்திருந்தால் குரோமில் ஒவ்வொன்றும் சின்ன ஐகான் அகலத்துக்கு ஒடுங்கிவிடுகிறது. குறி சிறுக்கச் சிறுக்க அதைத் தொட நேரம் கூடும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே அளந்து காட்டிவிட்டார்.

கை நடுக்கம் உள்ளவர்களுக்கு இது வெறும் எரிச்சலோடு நிற்பதில்லை. இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமலும் செய்ய வழி வேண்டும் என்று 2023-இல் வெளியான இணைய அணுகல் நெறிமுறையின் 2.2 பதிப்பு சொல்கிறது. அது எழுதப்பட்டது இணையப் பக்கங்களுக்காக. பிரவுசரின் சட்டத்துக்காக அல்ல. ஆனால் கை அதே கைதானே? வழி இல்லாமலும் இல்லை. குரோமில் டேப்பின்மேல் வலது கிளிக் செய்தால் வேறு விண்டோவுக்கு மாற்றும் வரி இருக்கிறது. திறந்திருக்கும் விண்டோக்களை வரிசையாகக் காட்டும். விண்டோவுக்குப் பெயரும் வைக்கலாம். என் லேப்டாப்பில் ஒன்று 'வேலை', மற்றது 'வீடு'. மின்கட்டண டேப் எந்த விண்டோவில் திறந்தாலும் இரண்டு கிளிக்கில் வீடு போய்ச் சேர்கிறது. இத்தனை நல்ல வசதியை வலது கிளிக்குக்குள் ஒளித்து வைத்ததுதான் எனக்குப் புரியாத கணக்கு.

ஆன்லைன் கூட்டங்களில் இந்தப் பிய்த்தெடுப்பு கைகொடுக்கும். காட்ட வேண்டிய ஒரே டேப்பைத் தனி விண்டோவாக்கி அதை மட்டும் பகிர்ந்தால், மற்றபடி நாம் என்னென்ன திறந்து வைத்திருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. அதே வசதி எதிராகவும் திரும்பும். கை தவறிச் சம்பளப் பட்டியல் டேப் அந்த விண்டோவில் விழுந்தால் கூட்டமே பார்க்கும். இன்காக்னிட்டோ விண்டோவின் டேப்பைச் சாதாரண விண்டோவில் சேர்க்க முடியாதபடி வைத்திருப்பது இந்த வகையில் சரியான தடை. இரண்டின் குக்கீயும் லாகினும் வேறு வேறு. அவை கலக்கக் கூடாது.

எனக்கு வாய்த்த அடி வேறு மாதிரி. போன வருடம் ஒரு மாலை, ஏதோ ஒரு டேப்பைப் பிய்த்து ஓரமாக வைத்ததை மறந்துவிட்டேன். வேலை முடிந்ததும் பெரிய விண்டோவை மூடினேன். பின்னால் அந்தக் குட்டி விண்டோ எட்டிப் பார்த்தது, அதையும் மூடினேன். மறுநாள் காலை பிரவுசர் கடைசியாக மூடியதைத்தான் திறந்து வைத்தது: ஒரே டேப், பருப்பு உருண்டைக் குழம்பு செய்முறை. கட்டுரைக்காகச் சேர்த்திருந்த இருபத்தாறு டேப்பையும் காணோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மூடிய விண்டோ முழுதாகத் திரும்பும் என்று மதியம் ஒருவர் சொன்னார். அதற்குள் நான் ஹிஸ்டரியைத் தோண்டி பதினெட்டை மீட்டிருந்தேன்.