சராசரிக்குள் மறையும் மலை

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. இத்தகைய சேவையின் திறனை அளக்கப் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது: அழைத்தபின் வண்டி வந்து சேரச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆயிற்று? எளிய அளவுகோல்தான். ஆனால் பழனி மலைத் தொடரில் அது நம்மை ஏமாற்றிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சமவெளியில் ஒன்பது அழைப்புகளுக்கு வண்டி 10 நிமிடத்தில் வருகிறது. மலையில் ஓர் அழைப்புக்கு 90 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். சராசரி 18 நிமிடம். கேட்பவருக்குக் குறையாகத் தோன்றாது. அந்தப் பத்தாவது நோயாளிக்கு இதனால் என்ன பயன்?

வண்டி வந்ததும் இந்தக் கடிகாரம் நின்றுவிடுகிறது என்பது இன்னொரு குறை. நோயாளிக்கு வேண்டியது வண்டியன்று, சிகிச்சை. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலிலிருந்து பெரிய மருத்துவமனைக்குச் செல்ல, மலைப்பாதையில் இறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ போகவேண்டும். அருகிலுள்ள வெள்ளகவியில் நெடுங்காலம் சாலையே கிடையாது. நோயாளியை டோலி கட்டித் தூக்கிச் சென்றனர். டோலியில் கழிந்த நேரம் எந்தச் சராசரியில் சேரும்?

எதிர்காலத் தேவையைக் கணிப்பதிலும் இதே சிக்கல்தான். சென்ற ஆண்டின் அழைப்புகளை எண்ணி அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடுவது வழக்கமான முறை. அழைத்துப் பயனில்லை என்று அழைக்காமலே இருந்தவர் அந்த எண்ணிக்கையில் இல்லை. அழைப்பு குறைவு என்பதால் வண்டி குறைவு. வண்டி குறைவு என்பதால் அழைப்பும் குறைவு!

தொலைபேசி அழைப்புகள் பாய்சான் பரவலின்படி வருவதை 1909-இல் டென்மார்க்கின் எர்லாங் விளக்கினார். ஆம்புலன்ஸ் அழைப்புகளுக்கும் அக்கணிதம் ஓரளவு பொருந்தும். ஒரே வண்டி மலையிறங்கித் திரும்ப 5 மணி நேரம். சராசரியாக 5 மணிக்கு ஓர் அழைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஓர் அழைப்புக்கு ஒரு வண்டி போதும் என்று தோன்றுகிறதல்லவா? வண்டி இல்லாத அந்த 5 மணி நேரத்தில் ஓர் அழைப்பேனும் வரும் வாய்ப்பு 100-க்கு 63. சீசனில் அழைப்புகள் இரட்டித்தால் 86.

சீசன் திடீரென்று வருவதன்று. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. எத்தனை வாகனங்கள் மலையேறும் என்பதை முன்கூட்டியே சொல்லும் பதிவேடு அது. முன்கணிப்புக்கு இதைவிட நல்ல துணை ஏது?

எனவே மலையைத் தனியாக அளக்கவேண்டும். உரிய சிகிச்சையை உரிய நேரத்தில் அடைந்தவர் 100-க்கு எத்தனை பேர் என்று கேட்கவேண்டும். இனி ஒரு சராசரியைக் காணும்போது நீங்களும் கேளுங்கள்: இதில் மறைந்திருப்பவர் யார்?