காவிரிக் கழிமுகமும் நீங்கல் கணக்கும்

காவிரியைப் பற்றித் தமிழில் பாடப்பட்டனவும் எழுதப்பட்டனவும் பல. சங்கப் புலவர் முதல் இன்றைய நாவலாசிரியர் வரை அந்த ஆற்றை வியக்காதவர் அரியர். சோழ நாடு சோறுடைத்து என்பது பாமரரும் அறிந்த முதுமொழி. ஆயின் அச்சோற்றுக்கான நெல்லை விளைவித்தவன் அந்நாட்டு இலக்கியத்தில் எங்கே நிற்கிறான் என்ற வினாவை நமது விமர்சனம் போதிய அளவு எழுப்பியதில்லை. அழகுணர்ச்சி, மண்வாசனை, நடைச்சிறப்பு என்பவற்றோடு பெரும்பாலும் நின்றுவிட்டோம். இவ்வினாவுக்கு விடை காணவேண்டுமாயின், இலக்கியத்தை அந்நாட்டின் நகரங்களோடும், நில ஏடுகளோடும், ஆட்சிமுறையோடும் இணைத்து நோக்குதல் வேண்டும்.

முக்கொம்பிலே கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையிலே வெண்ணாறு பிரிகிறது. அப்பால் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு எனக் கிளைகள் விரிந்து கடலை நாடுகின்றன. இக்கிளைகளுக்கிடையே தஞ்சாவூர், கும்பகோணம், மாயூரம், மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய நகரங்கள் எழுந்தன. சில அரசிருக்கைகள், சில கோயில் நகரங்கள், சில துறைமுகங்கள். கடற்கரையிலே தரங்கம்பாடியை 1620 முதல் 1845 வரை டேனியரும், நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை ஒல்லாந்தரும், காரைக்காலை 1954 வரை பிரெஞ்சுக்காரரும் ஆண்டனர். உள்நாட்டிலே சோழருக்குப் பின் பாண்டியர், நாயக்கர், மராட்டியர் என ஆட்சி மாறியது. 1799இல் தஞ்சை நாட்டு நிர்வாகம் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குச் சென்றது. 1855இல் அரச மரபும் முடிவுற்றது. கொடிகள் இத்தனை மாறியபோதும் எல்லாக் கருவூலங்களும் ஒரே வயலின் நெல்லையே நம்பியிருந்தன. அவ்வயலிலே இறங்கி நின்றவனின் நிலையும் பெரிதும் மாறவில்லை.

சோழர்காலக் கிராம சபைகளைப் பற்றி நாம் பெருமைகொள்வது வழக்கம். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1935இலும் 1937இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட சோழர் வரலாறு அப்பெருமைக்கு அறிவுலக மதிப்பை அளித்தது. குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படும் 10ஆம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் காவிரி நாட்டைச் சேர்ந்தவையல்ல; தொண்டை நாட்டைச் சேர்ந்தவை. அதுவும் ஒருபுறம் இருக்கட்டும். சபையில் அமர்வதற்கு வரிசெலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டுமென அக்கல்வெட்டே விதிக்கிறது. கல்வி மிக்கவனுக்கு நில அளவிலே சலுகை உண்டு. நிலமே இல்லாதவனுக்கு இடமில்லை. இதனை மக்களாட்சி என்று கூறுவோர் மக்கள் எனப்பட்டோர் யாவர் என்பதையும் கூறக் கடமைப்பட்டவர்கள். காவிரிக் கரையிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரு ஊர்களின் கல்வெட்டுக்களை ஒப்பிட்டு, பிராமண ஊரிலே நிலவுடைமை தனிமனிதர் கையில் இருந்தமையையும், உழுவோர் வேறாக இருந்தமையையும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா 1966இல் எடுத்துக்காட்டினார். நமது கைலாசபதியும் அதே ஆண்டில் வெளிவந்த ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ என்ற நூலிலே சோழப் பேரரசுக்கும் சைவப் பெருந்தத்துவத்துக்குமுள்ள உறவை ஆராய்ந்தார்.

தஞ்சைப் பெருங்கோயிற் சுவர்களில் இராசராசன் பொறிப்பித்த கல்வெட்டுக்களை இவ்விடத்தில் நோக்குவோம். கோயிலுக்கு நெல் அளக்கவேண்டிய ஊர்கள் அங்கே ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டுள்ளன; ஈழமண்டலத்து ஊர்கள் சிலவும் அவற்றுள் அடங்கும். ஆகவே இது நமக்கும் அயலான கணக்கன்று. ஒவ்வோர் ஊரின் பரப்பும் வேலியின் மிக நுண்ணிய பின்னங்கள் வரை அளந்து கூறப்படுகிறது. பின்னர் வரி விளையாத நிலம் நீக்கப்படுகிறது. ஊர்நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு என நீங்கல்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற பெயரும் வருகிறது. எஞ்சிய நிலத்துக்கு இத்தனை கலம் நெல் என்று கணக்கு முடிகிறது.

அதே கோயிலின் பணிக்காகப் பல ஊர்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும், முன்னைய கோயில்களும், வீட்டு இலக்கமும், ஒரு பங்குக்கு 100 கலம் நெல் என்ற ஊதியமும் கல்லிலே உள்ளன. அவர்கள் உண்ட நெல்லை விளைவித்தோரின் இருப்பிடமோ நீங்கல் நிலமாக மட்டுமே கணக்கில் ஏறியது. அவர்கள் மண்ணுக்குக் கணக்கு உண்டு. அவர்களுக்குப் பெயர் இல்லை. கழிமுக நாட்டின் இலக்கியமும் நெடுங்காலம் இந்தக் கணக்கரின் முறையையே பின்பற்றிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளில் குதிரையேறி வரும் வந்தியத்தேவன் நம்மைக் குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, ஈழம், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் எனப் பல இடங்களுக்கும் அழைத்துச் செல்கிறான். நாட்டின் நிலப்படத்தை இத்துணைத் தெளிவாக வாசகர் மனத்தில் பதித்த வேறொரு தமிழ் நாவல் இல்லை எனலாம். அச்சாதனையை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் அந்நிலப்படத்தில் அரண்மனையும் கோயிலும் கோட்டையும் தெளிவாகத் தெரிய, வயல்கள் பாதையோரக் காட்சியாகப் பின்வாங்கிவிடுகின்றன. அரியணை யாருக்கு என்ற வினா கதையை நடத்துகிறது. நிலம் யாருக்கு என்ற வினா எழவே இல்லை. புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் நடுத்தர வாசகன் தன் பெருமைக்கு ஒரு முற்காலத்தைத் தேடினான். கல்கி அதனை வழங்கினார். வாசகன் தேடியதற்கு அப்பாற் செல்ல அவர் முயலவில்லை.

இவ்வினாவை அவருக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுப்பியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த அவர் இயற்றிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யைப் பக்தி நூலாக மட்டும் வாசிப்பது போதாது. சேக்கிழார் ஆதனூர்ச் சேரியைக் கண்ணெதிரே நிறுத்துகிறார். அது சாதாரண செயலன்று. ஆனால் அவருடைய நந்தனுக்கு எசமானன் இல்லை; பிறப்பு ஒன்றே தடையாக நிற்கிறது. பாரதியாரோ கதையிலே வேதியர் என்ற நிலவுடைமையாளரைப் புகுத்தினார். 40 வேலி நிலத்தின் வேலை முடிந்த பின்னரே சிதம்பரம் செல்லலாம் என்று அவர் நந்தனுக்குக் கட்டளையிடுகிறார். இந்த ஒரு மாற்றத்தால் பழைய புராணம் பண்ணை உறவின் கதையாகிவிடுகிறது. நந்தன் தீண்டப்படாதவன் மட்டுமல்லன். விடைபெறாமல் வயலைவிட்டு அகல இயலாத பண்ணையாளும் ஆவான். இவ்வுண்மையை அவர் நூலிலிருந்து கற்கவில்லை; தம் ஊரின் களத்துமேட்டிலே கண்டார்.

சிக்கலைக் கண்டுகொண்ட பாரதியாரால் அதனைத் தீர்க்க முடியவில்லை. ஓரிரவில் தெய்வ அருளால் 40 வேலியும் விளைந்துவிடுகிறது. வேதியர் மனம் மாறி நந்தனின் அடியில் விழுகிறார். அவர் காலத்துத் தஞ்சை நாட்டிலே பண்ணையாளை விடுவிக்கும் சட்டமோ சங்கமோ இருக்கவில்லை. ஆகவே அற்புதத்தை நாடினார். எனினும் அற்புதத்தாலன்றித் தீராத ஒன்றாக அவ்வுறவைக் காட்டியதே அதன் கொடுமைக்குச் சான்றாகிறது.

அதே வட்டாரத்திலே மாவட்ட முன்சீப்பாகக் கடமையாற்றிப் பின்னர் மாயூரம் நகரசபைத் தலைவராகவும் விளங்கியவர் வேதநாயகம் பிள்ளை. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து கழிமுக நகரங்களில் அமைந்த நகரசபைகளுள் மாயூரமும் ஒன்று. 1876 – 78 பஞ்சத்தின்போது அவர் செய்த உதவியைப் பாரதியாரே பாடினார் என்பர். வழக்குமன்றம், இலஞ்சம், நகர நிர்வாகம் யாவற்றையும் உள்ளிருந்து அறிந்த அவர் 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்டார். அதிலே நல்லாட்சி உண்டு. ஆனால் அது ஆண்வேடம் பூண்ட ஞானாம்பாள் ஆளும் விக்கிரமபுரி என்ற கற்பனை நாட்டில் நடக்கிறது. தாம் தலைமை வகித்த நகரின் உண்மை நிலையைக் கூறுவதற்கு நாவல் என்ற புதிய வடிவம் அன்று அவருக்குத் துணிவளிக்கவில்லை போலும். பழைய கீர்த்தனை வடிவம் வயலுக்குள் இறங்க, புதிய வசன வடிவம் கற்பனை அரண்மனைக்குச் சென்றது என்பதை இலக்கிய வரலாற்று மாணவர் கவனித்தல் வேண்டும்.

இக்காலத்தில் நீர் ஆட்சி இறுகியது. முக்கொம்பு மேலணை 1836 முதல் எழுந்தது. 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் கரை காக்கும் குடிமராமத்தைச் சட்டக் கடமையாக்கிற்று. 1934இல் மேட்டூர் அணை வந்தது. மடை எப்போது திறக்கும், எவன் வயலுக்கு முதலில் பாயும் என்பதே கழிமுகத்தின் உண்மையான அரசியலாயிற்று. கர்ணமும் கிராம முன்சீப்பும் பரம்பரை உரிமையாக ஏடுகளை வைத்திருந்தனர். அப்பதவிகள் 1980இல்தான் ஒழிந்தன.

இத்தகைய நாட்டின் நடுவிலிருந்தே கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி, எம். வி. வெங்கட்ராம், தி. ஜானகிராமன் ஆகியோர் தோன்றினர். தமிழ் உரைநடைக்கு அவர்கள் செய்த பணி பெரிது. கு. ப. ரா. ‘பண்ணைச் செங்கான்’ என்றொரு கதை எழுதினார். வெங்கட்ராம் தம் சௌராட்டிர நெசவாளரின் வாழ்வை ‘வேள்வித் தீ’யில் தீட்டினார். இவற்றை மறக்கலாகாது. ஆயினும் பொதுவாக நோக்குமிடத்து அவர்களுடைய உலகம் அக்கிரகாரத்துத் திண்ணையும், படித்துறையும், சங்கீதமும், ஆண்பெண் உறவின் அந்தரங்கமுமே. ‘மோகமுள்’ளில் கும்பகோணத்து இளைஞனின் மனம் வெளிப்படும் நுட்பம் தமிழுக்குப் புதிது. ஆனால் ஜானகிராமனின் காவிரி பெரும்பாலும் நீராடும் காவிரி. வாய்க்காலில் இறங்கி வயலை எட்டும் காவிரி அன்று. அவர்கள் பொய் எழுதவில்லை. கண்ணுக்கு எட்டியதை உண்மையாக எழுதினர். கண் எட்டிய எல்லையை வரைந்தது அவர்கள் பிறந்த தெருவாகும்.

தெருவுக்கு அப்பால் 1940கள் முதல் வேறொரு வரலாறு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. பி. சீனிவாசராவ் முதலியோர் சேரிகளிலே விவசாயத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினர். சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக மக்கள் நிமிர்ந்தனர். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில், கூலிநெல் உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் கீழ்மன்றத்தில் தண்டனை பெற்று, உயர்நீதிமன்றத்தில் விடுதலையாயினர். புராணத்திலே நந்தன் புகுந்த தீயைப் புனிதம் என்றார்கள். வெண்மணித் தீயை எவரும் அவ்வாறு கூற முடியவில்லை.

இதனை நாவலாக்கியவர் இந்திரா பார்த்தசாரதி. 1975இல் வெளிவந்த ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்திய அக்காதமிப் பரிசு பெற்றது. நகரத்து வாசகர் மறக்கத் தொடங்கிய கொடுமையை நினைவில் நிறுத்தியது அதன் தொண்டு. ஆனால் கதையை நாம் காண்பது டில்லியிலிருந்து வந்த படித்தவர்களின் கண்ணால். அதனினும் பெரிய குறை, நிலவுடைமையாளனின் வெறிக்கு அவனது ஆண்மைக் குறைபாட்டைக் காரணமாக்கியது. கூலிக்கும் நிலத்துக்கும் நடந்த போராட்டம் ஒரு தனிமனிதனின் மனநோயாகச் சுருங்குகிறது. அவன் நலமுடையவனாக இருந்திருப்பின் குடிசை எரிந்திராதோ? அம்மக்கள் கேட்ட நெல் இங்கே மீண்டும் நீங்கல் கணக்கிற் சேர்கிறது.

1999இல் வந்த சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ இக்குறையைக் களைய முனைந்தது. கீழத்தஞ்சையின் பேச்சுமொழியில், உழைப்போரின் பக்கம் நின்று அது எழுதப்பட்டது. சிற்சில இடங்களில் இயக்க வரலாறு பாத்திரங்களின் மேல் பாரமாக ஏறி, மனிதர் பேசவேண்டிய இடத்தில் கொள்கை பேசுகிறது. முற்போக்காளர் என்பதற்காக இக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் சேரி அங்கே காட்சிப்பொருள் அன்று, கதையின் இருப்பிடம். நந்தன் கீர்த்தனை விட்ட இடத்திலிருந்து, அற்புதத்தை நீக்கிவிட்டு, கதை தொடர்கிறது.

பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும் உருவாகின. 2020இல் மயிலாடுதுறை நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்தது. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கியது. கால்வேலி நிலமின்றிச் சபையில் அமர முடியாதிருந்த மரபுக்கு இது பெரும் மாற்றமே. ஆனால் எல்லைகளைத் திருத்துவதும் நாற்காலியை ஒதுக்குவதும் நில உறவை மாற்றுவதாகா. அந்நாற்காலியில் அமர்பவருக்கு மடையின்மேலும் மண்ணின்மேலும் என்ன உரிமை கிடைத்தது என்பதை எழுதுவது இன்றைய கழிமுக எழுத்தாளரின் கடமை.

ஈழத்தவராகிய நாம் இதனை அயல்நாட்டுக் கதையாக ஒதுக்க இயலாது. ஆறுமுக நாவலருக்கு 1849இல் நாவலர் பட்டம் வழங்கிய திருவாவடுதுறை ஆதீனம் இக்கழிமுகத்தின் நெல்லில் வளர்ந்தது. அந்த மரபை நாம் மகிழ்வோடு உரிமைகொண்டாடுகிறோம். யாழ்ப்பாணத்துப் பஞ்சமரின் வாழ்வை நாவலாக்கிய கே. டானியல் 1986இல் தஞ்சாவூரில் காலமாகி, அந்த மண்ணிலேயே அடக்கமானார். அந்த உரிமையையும் நாம் ஏற்கவேண்டும். பட்டம் தந்த மண்ணும் அதுவே. வெண்மணி எரிந்த மண்ணும் அதுவே. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதும் இலக்கியமே காவிரி நாட்டின் முழு இலக்கியமாகும்.